கேட் கீப்பர் பக்கம் நின்ற சம்பந்தியம்மா

கர்ப்பமாக இருந்த மருமகள் கட்டிலை விட்டு இறங்கவே கூடாது என்று டாக்டர் சொன்ன அன்றே, எக்ஸ்ரேயம்மா நீண்ட லீவு போட்டுவிட்டு மகன் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. அங்கே எல்லோரும் கூப்பிட்டுக் கூப்பிட்டு அதுவே பெயராகிவிட்டது. "அசையாதீங்க, மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று வருகிறவர்களை எல்லாம் அதட்டிப் பழகியவர், வீட்டிலும் அதே குரலில்தான் பேசுவார். தாயில்லாப் பெண்ணான மருமகளுக்கு அந்த அதட்டல் பிடித்திருந்தது. "சரிங்க அத்தை" என்று சிரித்துக்கொண்டே அசையாமல் படுத்திருப்பாள்.

இரண்டு நாள் கழித்து மருமகளின் அப்பாவும் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார்.

நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். மகள் தானாகத் தேடிக்கொண்ட மாப்பிள்ளை என்று தெரிந்ததும், கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்றார். சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார். அன்றைக்குப் பெண் வீட்டுப் பக்கம் ஒரு ஆள் இல்லை. எக்ஸ்ரேயம்மாதான் இந்தப் பக்கம் கொஞ்ச நேரம், அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் என்று மாறி மாறி நின்று வந்தவர்களை வரவேற்றார். போட்டோ எடுக்கும்போதுகூட அந்தப் பெண் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது அவர் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக் கிடந்தது. அதற்கப்புறம் வருடக்கணக்கில் ஒரு போன் கிடையாது. கர்ப்பமாக இருக்கிறேன் என்று மகள்தான் கூப்பிட்டுச் சொன்னாள். இப்போது ஆள் வந்து நிற்கிறார்.

"வாங்க சம்பந்தி" என்றார் எக்ஸ்ரேயம்மா. வார்த்தையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஈரம்தான் இல்லை.

சின்ன வீடு. மகன் விடிந்ததும் தொழிற்சாலைக்குப் போனால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வருவான். பகல் முழுக்க இந்த மூன்று பேர். அளவையர் ஹால் சோபாவில் படுத்துக்கொண்டார். போர்வையை மூலைக்கு மூலை இழுத்து மடித்து வைப்பார். கோணலாகத் தொங்கிய படங்களை எல்லாம் கேட்காமலேயே நேராக்கினார். மகள் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தால், தண்ணீர் எத்தனை மணிக்கு வருகிறது, ஃபேன் ஏன் சத்தம் போடுகிறது என்று பேசுவார். அதைத் தாண்டி ஒரு வார்த்தை வராது. அவளும் கேட்கமாட்டாள்.

மகன் தன் மனைவிக்காக நூலகத்திலிருந்து ஒரு நாவலை எடுத்து வந்திருந்தான். ஒருக்களித்துப் படுத்தபடி அவ்வளவு கனமான புத்தகத்தைப் பிடிக்க முடியாமல் அவள் நாலு பக்கத்தோடு வைத்துவிட்டாள். எக்ஸ்ரேயம்மா எடுத்துக்கொண்டார். ஆளரவமில்லாத இடத்தில் ரயில்வே கேட்டைக் காக்கிற ஒருவரின் கதை. மகள் அவர் பேச்சை மீறிப் போய்விடுகிறாள். மாதம் ஒரு தடவை அவள் போகிற ரயில் அந்தக் கேட்டைக் கடக்கும். அப்பா பச்சைக் கொடியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். மகள் பெட்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அவர் கண்ணை நிமிர்த்தவே மாட்டார். ரயில் போய்விடும்.

அந்த அத்தியாயத்தைப் படித்தபோது அடுப்பில் பால் பொங்கி வழிந்தது எக்ஸ்ரேயம்மாவுக்குத் தெரியவில்லை. துடைக்கும்போதே முடிவு செய்துவிட்டார். படித்து முடித்த கையோடு சம்பந்தி டீ குடிக்கிற இடத்தில் புத்தகத்தை வைத்தார்.

"நல்லா இருக்கு சம்பந்தி. உங்களுக்குப் பிடிக்கும், படிச்சுப் பாருங்க."

அவர் பத்திரம் படிப்பதுபோல் படித்தார். வரிக்குக் கீழே விரலை ஓட்டுவார், சந்தேகம் வந்தால் பின்னால் போய்ப் பார்த்துவிட்டு வருவார். எக்ஸ்ரேயம்மா ஓரக்கண்ணால் அவர் முகத்தைக் கவனித்துக்கொண்டே இருந்தார். கேட் கீப்பருக்காக அவர் என்னென்ன வாதம் பேசுவார், அதற்குத் தான் என்ன பதில் சொல்லி வாயை அடைக்க வேண்டும் என்று எல்லாம் தயாராக வைத்திருந்தார்.

ஒரு நாள் காலையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருக்கும்போது அளவையர் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"சம்பந்தியம்மா, இந்த ஆள் மனுஷனே இல்ல."

"யாரு?"

"கேட் கீப்பர்."

தயாராக வைத்திருந்த பதில் எதற்கும் வேலை இல்லாமல் போய்விட்டது. "அப்படி ஒரேயடியா சொல்லிட முடியுமா?" என்று தன் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு எக்ஸ்ரேயம்மாவுக்கே திகைப்பாக இருந்தது.

"பெத்த பொண்ணு கதவுல நின்னு பார்க்குது. ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தா கழுத்து சுளுக்கிக்குமா?"

"ரயில் போறப்போ அவர் சக்கரத்தைத்தான் பார்க்கணும். எங்கயாவது புகை வருதா, எதாவது தொங்குதான்னு. அதுதானே அவர் வேலை?"

"அது சாக்கு. எழுதினவர் பாவம் பார்த்துக் குடுத்த சாக்கு."

அன்றிலிருந்து வீட்டில் இதே பேச்சுதான். மகள் வருகிற மாதத்தில் மட்டும் கேட்டைச் சுற்றிப் பெருக்கிச் சுத்தம் செய்கிறாரே, அது பாசமில்லாமல் என்ன என்று எக்ஸ்ரேயம்மா கேட்டார். பெருக்கினால் ஆயிற்றா, வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லத் தெரியாதா என்று அளவையர் எகிறினார். மனைவியைச் சாகடித்து அந்த ஆளைத் தனியாக நிறுத்தியதே வாசகர்கள் இரக்கப்படட்டும் என்று எழுத்தாளர் செய்த தந்திரம் என்றார். தனியாக நிற்கிறவன் இறுகித்தான் போவான், அதைப் புரிந்துகொள்ள வேண்டாமா என்றார் எக்ஸ்ரேயம்மா. சாப்பிட உட்கார்ந்தால் வாக்குவாதம், துணி மடித்தால் வாக்குவாதம். கீழ் வீட்டு அம்மா மகனிடம், உங்கள் வீட்டில் ஏதாவது சொத்துத் தகராறா என்று விசாரித்தாராம்.

ஒரு நாள் துணி காயப்போடும்போது எக்ஸ்ரேயம்மாவுக்கு உறைத்தது. இத்தனை வருடமாக மனசுக்குள் எந்த ஆளைக் கூண்டில் ஏற்றி வைத்திருந்தாரோ, அந்த ஆளுக்காகத்தான் இப்போது மூச்சுப் பிடித்து வாதாடிக்கொண்டிருக்கிறார். அந்த ஆளோ எதிர்ப்பக்கம் நின்று தண்டனை போதாது என்கிறார். தன்மீதே எரிச்சலாக வந்தது. கொடியில் போட்ட சட்டையை மறுபடி எடுத்து உதறிப் போட்டார்.

கடைசியில் மருமகள்தான் பொறுமை இழந்தாள். "ரெண்டு பேரும் பாதிப் பாதியாச் சொல்லி என் மண்டையைக் குழப்புறீங்க. ஒழுங்கா படிச்சுக் காட்டுங்க" என்றாள்.

அளவையர் ஸ்டூலில் உட்கார்ந்து ரயில் வருகிற அத்தியாயத்தைப் படித்தார். குரல் நன்றாகத்தான் இருந்தது. மகள் பெட்டிக் கதவுக்கு வருகிற இடத்தில் நின்றுவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எழுத்து சின்னதாக இருக்கிறது என்று புத்தகத்தைச் சம்பந்தியம்மாவிடம் நீட்டினார். மீதியை எக்ஸ்ரேயம்மா படித்தார், அதட்டல் இல்லாமல்.

முடித்ததும் மருமகள் தலையை இவர்கள் பக்கம் திருப்பினாள்.

"எனக்கு அவர் மேல கோவமே வரலை அத்தை. அந்தப் பொண்ணு மேலதான் வருது. அடுத்த ஸ்டேஷன்ல இறங்கி நடந்து வந்தா என்ன? மாசா மாசம் கதவுல நின்னு பார்த்துட்டுப் போறா. அவளுக்கும் வீம்பு."

இத்தனை நாள் சண்டையில் அந்தப் பெண் இறங்கியிருக்கலாமே என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. எக்ஸ்ரேயம்மா அதை அசைபோடுவதற்குள் அளவையர் எழுந்துவிட்டார். முகம் சிவந்திருந்தது.

"அவ எதுக்கும்மா இறங்கணும்? நடக்க வேண்டியது அவன். தண்டவாளத்தைத் தாண்டி நாலு எட்டு வைக்க வேண்டியது அவன். சின்னப் பொண்ணு மேல பழியைப் போடாதே."

"கதைதானேப்பா."

"கதைங்கிறதாலதான் சொல்றேன். இல்லைன்னா எனக்கு வாய் வராது."

அவள் கையை நீட்டினாள். தண்ணீர் கேட்கிறாள் என்று நினைத்து அவர் டம்ளரை எடுத்துக் கொடுத்தார். அவள் வாங்கி முழுவதையும் குடித்தாள். காலி டம்ளரைத் திருப்பித் தரும்போது அவர் விரலைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். எக்ஸ்ரேயம்மா வெளியே வந்து கதவைச் சாத்தினார்.

சாயங்காலம் டீ கொடுக்கும்போது எக்ஸ்ரேயம்மா மனசில் இருந்ததைச் சொல்லிவிட்டார். "உங்களைக் குத்திக் காட்டத்தான் அந்தப் புக்கை வச்சேன் சம்பந்தி."

"தெரியும்."

"எப்படி?"

"சாப்பிட வாங்க, குளிக்க வெந்நீர் இருக்கு. இதைத் தவிர நீங்க என்கிட்ட ஒரு வார்த்தை பேசினதில்ல. திடீர்னு உங்களுக்குப் பிடிக்கும்னு சொன்னா எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுமா படிச்சீங்க?"

"திட்டு வாங்குறதுன்னு ஆயிடுச்சு. அரைகுறையா வாங்குவானேன்?"

எக்ஸ்ரேயம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீங்கள்தான் அவரைத் திட்டித் தீர்த்தீர்கள், நான் பாதியிலேயே கட்சி மாறிவிட்டேனே என்றார்.

"மாறினீங்க. ஆனா நீங்க சொன்னது எதையும் நான் ஒத்துக்கல. அவன் செஞ்சது தப்புதான்." டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, "கல்யாணத்தன்னிக்கு ரெண்டு பக்கமும் நீங்களே நின்னீங்கன்னு அப்புறமாத்தான் கேள்விப்பட்டேன். அதுக்கு நான் என்ன சொல்றதுன்னே தெரியல" என்றார்.

எக்ஸ்ரேயம்மா அவர் டம்ளரில் இன்னும் கொஞ்சம் டீ ஊற்றினார்.

குழந்தை சற்று முன்னதாகவே பிறந்தது. பெண் குழந்தை. இளைத்திருந்தாலும் வீடே அதிரும்படி அழுதது. லீவு தீர்ந்து எக்ஸ்ரேயம்மா வேலைக்குத் திரும்ப, அளவையர் மகள் வீட்டிலேயே தங்கிவிட்டார். குழந்தைக்குத் துணி மாற்றுவதில் தேறிவிட்டார் என்று மருமகள் சொன்னாள். மூலைக்கு மூலை இழுத்துக் கட்டுகிறாராம். நூலகத்தில் மகன் வேறொரு நாவலை இரண்டு பிரதியாகத் தேடி எடுத்து, ஒன்றை அம்மாவுக்கு அனுப்பிவைத்தான்.

மதிய இடைவேளையில் போன் வரும். முதலில் பேத்தி பால் குடித்தாளா, தூங்கினாளா என்று விசாரணை நடக்கும். அப்புறம் அந்தப் புது நாவலின் கதை. ஒரு நாள் எக்ஸ்ரேயம்மாவின் குரல் வராந்தா வரைக்கும் கேட்டது. "அந்தத் தம்பிக்காரன் நல்லவனா? நீங்க படிச்சது வேற புக்கா சம்பந்தி?"

போனை வைத்ததும், கூட வேலை பார்க்கிற பெண் தயங்கித் தயங்கி அருகில் வந்தாள். சம்பந்தி வீட்டோடு ஏதாவது பிரச்சனையா அக்கா என்று கேட்டாள்.

"பெரிய பிரச்சனைம்மா" என்றார் எக்ஸ்ரேயம்மா. "மனுஷன் ரெண்டு அத்தியாயம் முன்னாடி ஓடிட்டார்."