எழுத்தில்லாத சத்தம்

நூல் சுற்றிப் பிழைக்கும் வடிவின் சினை ஆடு காணாமல் போய், நாலாம் நாள் பக்கத்துத் தெரு முனிசாமியின் கொட்டகையில் நின்றது. காதில் புது வெட்டு. முனிசாமி தன் ஆடுகளுக்குப் போடும் அடையாளம் அது. காயம் இன்னும் ஆறவில்லை.

"எங்கிட்ட பொறந்தது இது," என்றான் முனிசாமி. "உன்னுதுன்னா கூப்புடு. வந்தா இட்டுக்கினு போ."

வழக்கைத் தீர்க்க வந்த கவுன்சிலர் ரேணுகாம்பாளுக்கு அது நியாயமாகவே பட்டது. நெசவுக்காக நீட்டிக் கட்டியிருந்த பாவு நூலைச் சுருட்டி எடுத்துவிட்டு, தெருவில் ஆட்டை நடுவே விட்டார்கள்.

வடிவு ஆட்டைக் கூப்பிடுவது 'ப்ர்ர்ர்' என்ற ஒரே சத்தத்தால்தான். அதைத் தொடர்ந்து புண்ணாக்கு. தெருவே அறியும். போன மாதம் முகவாதம் வந்து அவளுக்கு இடப்பக்க உதடு தொங்கிப்போனதையும் தெருவே அறியும். அது தெரிந்துதான் முனிசாமி கூப்பிடச் சொல்கிறான்.

அந்தச் சத்தத்துக்கு உதடுகளை இறுக்காமல் மூடி, உள்ளிருந்து காற்றைத் தள்ள வேண்டும். காற்று உதட்டைத் திறக்கும். உதடு தானே திரும்ப மூடிக்கொள்ளும். கண் இமைப்பதற்குள் பல தடவை. தமிழில் இதற்கு எழுத்து கிடையாது. இதைச் சொல்லுக்குள் வைத்துப் பேசுகிற மொழிகள் உலகத்திலேயே கொஞ்சம்தான், பப்புவா நியூ கினியா பக்கத்துத் தீவுகளில் சில உண்டு. உதட்டில் ஓர் ஓரம் தளர்ந்தாலும் போதும், காற்று அந்த வழியே ஒழுகிவிடும். உதடு துடிக்காது.

வடிவு கன்னத்தைத் தாங்கிப் பிடித்து ஊதினாள். காற்றும் எச்சிலும்தான் வந்தன. ஆடு சுவரில் போஸ்டரைக் கடித்துக்கொண்டிருந்தது.

"இன்னாமே, அடுப்பா ஊதறே?" என்றான் முனிசாமி.

கூட்டம் சிரித்தது. சிரிப்பு கேட்டதும் முனிசாமிக்கு உற்சாகம் தாங்கவில்லை. "முன்னாடியெல்லாம் மகாராணி எப்பிடிக் கூப்புடுவாங்க தெரியுமா?" என்று இடுப்பில் கைவைத்து, அவளைப் போலவே உதட்டைக் குவித்தான். "ப்ர்ர்ர்!"

ஆடு போஸ்டரை விட்டுத் தலை தூக்கியது. ஓடி வந்தது. முனிசாமியின் கையை மோந்து பார்த்தது, அங்கே ஒன்றுமில்லை. நின்றவர்களின் கால்களை முகர்ந்துகொண்டே போய் வடிவின் முந்தானை முடிச்சில் மூக்கை நுழைத்தது. புண்ணாக்கு எப்போதும் இருக்கும் இடம்.

"நான் கூப்டேன், வந்துச்சு! பாத்தீங்கல்ல?" முனிசாமி பாய்ந்து கயிற்றைப் பிடித்தான்.

வடிவு ஆட்டின் வெட்டுப்பட்ட காதைக் கையால் அணைத்துக்கொண்டாள். "யோவ், இன்னொரு தபா கூப்புடு. என்னை வுட்டு உங்கிட்ட வருதா பாக்கலாம்."

"கூப்புடுபா," என்றாள் ரேணுகாம்பாள்.

முனிசாமி கயிற்றைத் தரையில் வீசினான். "கோணவாய்," என்று காறித் துப்பிவிட்டுப் போனான்.

வடிவு குனிந்து கயிற்றை எடுத்தாள்.