புளியரையில் நிறுத்தப்பட்ட காற்று

கேரளத்திலிருந்து வந்துகொண்டிருந்த தென்மேற்குக் காற்றை, ஜூன் மாதத்து முதல் வாரத்தில், புளியரை சோதனைச்சாவடியில் தலைமைக் காவலர் குருவம்மாள் கைகாட்டி நிறுத்திவிட்டார். அவர் நிறுத்த நினைத்தது ஒரு டிப்பர் லாரியைத்தான். லாரியும் நின்றது, பின்னால் வந்த காற்றும் நின்றது. சோதனை முடிந்து லாரியைப் போகச் சொன்னவர் காற்றைப் போகச் சொல்லவில்லை, யாருக்குத்தான் தோன்றும்? உத்தரவுக்குக் காத்திருக்க வேறு இடமில்லாமல், அது அவருடைய வலது கை விரல்நுனி வழியாக உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. அன்று சாயங்காலமே கை நடுங்கத் தொடங்கியது. குற்றாலத்தில் சீசன் வரவில்லை. பேரருவி விழ வேண்டிய இடத்தில் வெறும் பாறை தெரிந்தது. நேந்திரம் சிப்ஸ் கடைக்காரர்கள் வானத்தை வைதார்கள்.

திருநெல்வேலி நரம்பு மருத்துவர் ஸ்கேன் எடுத்துப் பார்த்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். நடுக்கம் பாதி குறைந்தது. மறுபாதிக்காகக் குருவம்மாள் தென்காசியில் சித்த மருத்துவம் பார்க்கும் ஹஸீபாவிடம் போனார். அந்தப் பெண் நாடி பார்க்க மூன்று விரல்களை மணிக்கட்டில் வைத்ததும், கரண்ட் இல்லாமல் நின்றிருந்த மின்விசிறி சுற்ற ஆரம்பித்தது. ஹஸீபா அதை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“வாதம், பித்தம், கபம் மூணும் அளவா இருந்தாத்தான் நரம்பு சொன்ன பேச்சைக் கேக்கும்க்கா. வாதம்னா காத்துதான், ஒங்க கையில ஒரு ஊருக்கே உள்ள காத்து கெடக்கு. மொத்தமா வெளிய விட்டா கையும் அதோட விழுந்துரும். அளந்துதான் விடணும்.”

தைலம் தேய்க்கும்போதெல்லாம் சிகிச்சை அறைக்குள் சாரல் விழுந்தது. வரிசையில் காத்திருந்தவர்கள் குடை கொண்டுவரப் பழகிக்கொண்டார்கள். சேதி பரவி, குற்றாலத்து லாட்ஜ் முதலாளி பால்வண்ணநாதன் பழத்தட்டோடு குருவம்மாள் வீட்டுக்கு வந்துவிட்டார். “ஒரு கைதானம்மா? ஊருக்காக மொத்தத்தையும் தெறந்து விட்டுருங்க” என்றார். ஒரு கைதானாம்! சொன்னவருக்கு இரண்டு கையும் நன்றாகத்தான் இருந்தன. குருவம்மாள் தட்டோடு அவரைத் திருப்பி அனுப்பினார்.

அடுத்து மேலதிகாரி கூப்பிட்டு விருப்ப ஓய்வில் போகச் சொன்னார். “கை நடுங்குத போலீஸ் சல்யூட் அடிச்சா ஊரே சிரிக்கும்மா.”

“சிரிக்கட்டும் ஐயா. நான் கை காட்டுனா காத்தே நிக்குது. வேற யாரு கைக்கு நிக்கும்?”

காக்கியைக் கழற்றிவிட்டால் தன்னை எல்லாரும் வெறும் நோயாளியாக்கிக் கட்டிலில் போட்டுவிடுவார்கள் என்று அவருக்குத் தெரியும். அந்தக் கோபம் அவர் நெஞ்சில் எரிந்துகொண்டே இருந்தது. அதிகாரிக்கும் கோபம்தான், வறண்ட பேரருவியில் குளிக்கிற கூட்டத்தை ஒழுங்குபடுத்தும் டூட்டியை அவருக்குப் போட்டார். அங்கே குளிக்க ஒரு காக்காகூட வரவில்லை.

குருவம்மாள் பாறையைப் பார்த்தபடி நின்றார். நிறுத்தியவள் நான், அனுப்ப வேண்டியவளும் நான்தான் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அருவிக்குள் ஆட்களை விடுகிற பழக்கத்திலேயே கையை வீசினார். “தள்ளாத! வரிசையா போ!” கொஞ்சம் காற்று இறங்கிப் போய் மலை மரங்களை ஆட்டியது. மிச்சமும் முண்டியடித்துக்கொண்டு கிளம்ப, முழங்கைவரை மரத்துப்போனது. ஹஸீபா சொன்னது நினைவுக்கு வந்தது. கையை இறுக மூடி விசில் ஊதினார். காற்று அடங்கி நின்றது. மத்தியானம் சாரல் பிடித்தது, சாயங்காலம் பாறையில் தண்ணீர் வழிந்தது. அந்த வாரம் முழுக்க இப்படியே அனுப்பினார். அருவி கொட்டியது.

ஹஸீபா மறுபடி நாடி பார்த்தார். “மிச்சம் இருக்கது ஒங்க சொந்தக் காத்துக்கா. லேசா நடுங்கத்தான் செய்யும்.”

“நடுங்கட்டும்மா. கை இருக்குல்லா.”

குருவம்மாள் இப்போதும் வேலையில்தான் இருக்கிறார். வருகிற காற்று இப்போதும் அவர் கைகாட்டினால்தான் நகர்கிறது. சீசனில் அவர் லீவு எடுத்தால் சாரல் நின்றுவிடும் என்பதால், லாட்ஜில் அறை கேட்பவர்கள் முதலில் அவர் டூட்டியில் இருக்கிறாரா என்று விசாரிக்கிறார்கள். அவர் நடுங்கும் கையால் சல்யூட் அடிக்க வரும்போது, மேலதிகாரி இடது கையால் தன் தொப்பியைப் பிடித்துக்கொள்கிறார். யாரும் சிரிப்பதில்லை.