உமிச் சாம்பல் தொட்டி

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மர்பி டவுனில் சந்திரன் வீட்டில் கீரைக் கடைசல். பிரசவத்துக்கு வந்திருந்த மகள் சோனியா மறுபடியும் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ஏழு மாத வயிற்றுக்காரி ஆசையாகச் சாப்பிடுவதைப் பார்த்து சந்திரனுக்கு ஒரே பூரிப்பு. இவ்வளவு ருசியான கீரை எந்தக் கடையில் கிடைத்தது என்று மனைவியைக் கேட்டார்.

"கடையில எங்க வாங்குறது? நீங்க கம்பெனியிலருந்து கொண்டாந்த தொட்டியில வெளைஞ்சதுங்க" என்றாள் காந்தா.

சந்திரன் வாயில் இருந்த கவளத்தைத் தட்டிலேயே துப்பினார்.

சந்திரன் பொம்மசந்திராவில் நாற்றுத் தொட்டி செய்யும் கம்பெனியில் சூப்பர்வைசர். சோள மாவிலிருந்து எடுக்கும் மக்கும் பிளாஸ்டிக் தனியாக நின்றால் நொறுங்கிவிடும். அதற்குப் பலம் கொடுக்க, அரிசி ஆலைக் கழிவான உமிச் சாம்பலையும் சுண்ணாம்புத் தூளையும் கலப்பார்கள். செடியோடு குழியில் இறக்கிவிட்டால் தொட்டியும் மண்ணாகிவிடும். நல்ல தொழில்தான். கோணலாக வந்த தொட்டிகளை வேலை செய்பவர்கள் வீட்டுக்கு எடுத்துப்போவதும் அங்கே வழக்கம்தான்.

போன தீபாவளிக்குப் பிறகு உமிச் சாம்பல் விலை ஏறியது. முதலாளி வேறு சாம்பலை இறக்கினார். பழைய பேட்டரியை உருக்கி ஈயம் எடுக்கும் பட்டறையின் சாம்பல். நிறத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. சந்திரன் தயங்கியபோது, நாம் என்ன சாப்பாட்டுத் தட்டா செய்கிறோம், மண்ணுக்குள் போகிற சாமான்தானே என்று முதலாளி சிரித்தார். சந்திரனும் வாயை மூடிக்கொண்டார். அதோடு விட்டாரா? புதிதாகச் சேர்ந்தவர்கள் கேட்டால் அதே பதிலைத் தன் வாயாலேயே சொல்லி அனுப்பினார். கெட்டிக்காரத்தனம் என்று நினைப்பு வேறு.

"சாப்பிடாத கண்ணு, வெச்சிடு" என்று சோனியாவின் தட்டை இழுத்தார். தொட்டியில் கலந்த சாம்பலில் ஈய விஷம் இருக்கும் விஷயத்தைச் சொன்னார்.

மாடியில் அந்தத் தொட்டிகளில் வைத்த ரோஜா கருகிப்போனதால், காந்தா அவற்றை அப்படியே பெரிய டப்பில் புதைத்துக் கீரை விதைத்தாளாம். கரைந்து எருவாகிவிடும் என்று நம்பியிருக்கிறாள். "நீங்கதான சொன்னீங்க மண்ணாயிடும்னு" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். தன் வீட்டு மொட்டை மாடியை இத்தனை மாதமாகச் சந்திரன் எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போய் உடனே ரத்தம் சோதிக்க வேண்டும் என்று சந்திரன் சட்டையை மாட்டினார். சோனியா வயிற்றில் கை வைத்தபடி எழுந்திருக்காமல் இருந்தாள். மற்ற தொட்டிகள் எல்லாம் எங்கே போயின என்று கேட்டாள். நர்சரிகளுக்கு, என்றார். பிறகு குரல் இறங்கியது. பள்ளிக்கூடங்களின் காய்கறித் தோட்டத்துக்கும் லாரியில் போயிருக்கிறது.

"என் புள்ளைக்காக ஓடுறீங்க. அந்தப் புள்ளைங்களுக்கு யாரு நைனா ஓடுவாங்க?"

சந்திரனுக்கு யாரோ கன்னத்தில் அறைந்தது போல இருந்தது. அந்தப் பிள்ளைகளின் நினைப்பே அவருக்கு வரவில்லை.

சோனியாவை ஏற்றிக்கொண்டு ஆட்டோவில் போகும்போதே பள்ளிக்கூடங்களுக்கு ஒவ்வொன்றாகப் போன் செய்தார். தோட்டத்தில் விளைந்தது எதையும் சமைக்காதீர்கள் என்று கெஞ்சினார். தொட்டியில் என்ன கலந்தது, கலக்கச் சொல்லி மேற்பார்வை பார்த்தது யார் என்பதையும் மறைக்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் இறங்குவதற்குள் சேதி முதலாளிக்கு எட்டி, அவரே கூப்பிட்டார். நாளையிலிருந்து வேலைக்கு வராதே என்று கன்னடத்தில் கத்தினார். எப்போதும் கன்னடத்திலேயே பதில் சொல்லும் சந்திரனுக்கு அன்று தமிழ்தான் வந்தது.

"மக்கும்னு எழுதி வித்தோம் சார். தொட்டிதான் மக்குச்சு, வெஷம் மக்கல. மண்ணுல போட்டா தொலைஞ்சிடும்னு நெனச்சோம் பாருங்க, அதான் நாம செஞ்ச பாவம். மண்ணுல போடுறது எதுவும் தொலையாது சார். நம்ம புள்ளைங்க சோத்துலதான் வந்து நிக்கும்."