இன்றைய தேதி

"எங்க வீட்டுக்காரர் இன்னிக்கு இறந்துட்டாருன்னு போட்டிருக்கீங்களே தம்பி" என்று டோரதி டீச்சர் கேட்டபோது வளவன் ஃபிளெக்ஸ் ஒன்றின் ஓரத்தை வெட்டிக்கொண்டிருந்தான். அவர் கோபமாகக் கேட்கவில்லை. வகுப்பில் ஒரு பிள்ளையின் கணக்கில் தப்பைக் கண்டவர், அந்தப் பிள்ளையே அதைக் கண்டுபிடிக்கட்டும் என்று காத்திருப்பதைப் போல செல்போனை நீட்டிக்கொண்டு நின்றார். வளவன் கத்தியை வைத்துவிட்டு வாங்கிப் பார்த்தான். மேலே 'காணவில்லை' என்று அவன் சிவப்பில் போட்டுக் கொடுத்த எழுத்து. அதற்குக் கீழே ஜூட் சாரின் படம். தண்ணீர் தொட்டு வாரிய தலை, பக்கத்தில் யாரோ கூப்பிட்டதுபோல லேசாகத் திரும்பிய முகம். படத்துக்கு அடியில் இரண்டு வரிகள். தோற்றம் என்று போட்டு அவர் பிறந்த தேதி. மறைவு என்று போட்டு அன்றைய தேதி.

"மாத்திடறேன் டீச்சர். மன்னிச்சுக்கங்க" என்றான். அவனுக்குக் காது சுட்டது.

"நேத்து பாத்தேன், நேத்துத் தேதி போட்டிருந்துச்சு" என்றார் டீச்சர்.

தப்பு எங்கே என்பது அப்போதே அவனுக்குப் புரிந்துவிட்டது. அதைச் சொல்ல வேண்டுமானால், அந்தப் பக்கம் எங்கிருந்து வந்தது என்பதிலிருந்து சொல்ல வேண்டும்.

சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குள் பஸ்கள் திரும்பும் முனையில் வளவனின் கடை. விசிட்டிங் கார்டு, கல்யாணப் பத்திரிகை, ஃபிளெக்ஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர். கடைக்கு ஒரு வெப்சைட் இருக்கட்டும் என்று அவன் கேட்டபோது, போனில் பேசிய கம்பெனிப் பெண், "இந்தத் திட்டத்துல நூறு சைட் வரைக்கும் வச்சுக்கலாம் சார்" என்று சொன்னாள். அந்த நூறில் மயங்கி அவன் பெரிய இடமாக வாடகைக்கு எடுத்துவிட்டான். அதில் அவன் வைத்தது கடையின் பெயரும் போன் நம்பரும் உள்ள ஒரே ஒரு சைட். மீதியெல்லாம் எங்கோ ஓர் ஊரில், குளிரூட்டிய அறையில் இருக்கும் ஏதோ ஒரு கம்ப்யூட்டரில் காலியாகக் கிடந்தது. அவன் மனைவி ராசாத்தி உப்பிலியபுரத்துக்காரி. அவளிடம் ஒருநாள் சாப்பிடும்போது இதைச் சொன்னான். அவள் சாதத்தைப் பிசைந்துகொண்டே, "வாடகைக்குப் புடிச்சிட்டுப் பூட்டிப் போட்டா எப்படிங்க. யாரையாச்சும் குடி வைங்க. ஆள் இல்லாத வீட்டுல வேற ஏதாவது வந்து உக்காந்துக்கும்" என்றாள். அவள் விளையாட்டுக்குத்தான் சொன்னாள்.

இலவசம் என்று சொல்லியும் முதலில் யாரும் வரவில்லை. முசிறி வாழைமண்டிக்காரர், "நமக்கு வாட்சப் போதுங்க, எதுக்கு இன்னொரு வீடு" என்று கழன்றுகொண்டார். டியூஷன் சென்டர்காரர் யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு அந்தப் பக்கமே வராமல் இருந்தார். பிறகு ஒருநாள், காலையில் அம்மாவுக்கு அஞ்சலி போஸ்டர் அடித்துப் போனவர் மத்தியானமே திரும்பி வந்தார். காந்தி மார்க்கெட் சுவரில் ஒட்டியதை ஒரு மாடு பாதி தின்றுவிட்டது, அம்மாவுக்கு நெற்றி மட்டும்தான் மிச்சம் என்று சொல்லிக் கண் கலங்கினார். அவருக்கு வேறு போஸ்டர் கொடுத்தபோது வளவனுக்கு அந்த யோசனை வந்தது. அன்றிலிருந்து போஸ்டர் அடிக்க வருகிறவர்களுக்கெல்லாம் அந்தக் காலி இடத்தில் ஒரு பக்கம் போட்டுக் கொடுத்தான். படம், தோற்றம், மறைவு, கீழே கைவைத்தால் எரியும் ஒரு விளக்கு. கிறிஸ்தவர்களாக இருந்தால் மெழுகுவர்த்தி. மழை நனைக்காது, மாடு தின்னாது, இன்னொருத்தன் மேலே ஒட்டமாட்டான்.

பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை ஆட்கள் வந்து பார்ப்பார்கள். அப்புறம் யாரும் வருவதில்லை. வேலை இல்லாத நேரங்களில் வளவன் ஒவ்வொரு பக்கமாகத் திறந்து பார்ப்பதுண்டு. வரிசையாக வாசல் திறந்து கிடக்கும் ஒரு தெரு வழியாகத் தனியாக நடப்பதுபோல இருக்கும். எல்லா வீட்டிலும் ஆள் உண்டு, எல்லாரும் வாசலைப் பார்த்தபடியே இருப்பார்கள், ஒருவரும் வாங்க என்று சொல்லமாட்டார்கள். சீக்கிரம் மூடிவிடுவான்.

டோரதி டீச்சர் கேட்டு வந்தது அஞ்சலிப் பக்கம் அல்ல. அவர் கணவர் ஜூட், கல்லூரி ஒன்றில் லேப் அசிஸ்டெண்டாக இருந்தவர், போன வருடத்துக்கு முந்தின வருடம் ஆடிப்பெருக்குக்கு மறுநாள் காலையில், போயிட்டு வரேன் என்று சொல்லிக் கிளம்பி முசிறி பஸ்ஸில் ஏறினார். ஏறியதைப் பார்த்த ஆள் உண்டு. இறங்கியதைப் பார்த்த ஆள் இல்லை. இரண்டு நாள் கழித்து முசிறியில் காவிரிப் படித்துறையில் அவருடைய பை கிடைத்தது. உள்ளே குடையும் மூக்குக்கண்ணாடியும் நனையாமல் இருந்தன. அன்றைக்கு ஆற்றில் தண்ணீர் இரண்டு கரையும் தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. ஜூட்டின் தம்பி பிராங்க்ளின் அதைப் பார்த்துவிட்டு அழுதார். டீச்சர் அழவில்லை. குடையைப் பையில் வைத்துவிட்டு ஒருத்தர் ஆற்றில் எதற்கு இறங்கப் போகிறார், குடை இல்லாமல் வேறு எங்கேயோ போயிருக்கிறார் என்றார்.

காணவில்லை என்று போடுவதற்கு வளவனிடம் தனியாக மாதிரி எதுவும் இல்லை. அஞ்சலிப் பக்கத்தையே எடுத்து மேலே உள்ள தலைப்பை மட்டும் மாற்றினான். கீழே இருந்த தோற்றத்தையும் மறைவையும் எடுக்க மறந்துவிட்டான். ஜூட் பிறந்த தேதியை மட்டும் டீச்சர் சொல்லியிருந்தார், மற்றது காலியாக இருந்தது. தேதி போடும் சின்ன புரோகிராம் ஒன்றை அவன் முன்பு கடை பில்லுக்காக எழுதியிருந்தான். பில்லில் தேதி போட மறந்தால் அன்றைய தேதியை அதுவாகவே போட்டுக்கொள்ளும். அதை அப்படியே இங்கே தூக்கிப் போட்டிருந்தான். இத்தனை நாளும் தெரியவில்லை, ஏனென்றால் இறந்தவர்கள் எல்லாருக்கும் தேதி இருந்தது.

"அந்த வரியையே எடுத்துடறேன் டீச்சர்" என்று கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினான்.

"இருங்க" என்றார் டீச்சர். பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். "நேத்து செத்துட்டாருன்னு நேத்து போட்டிருந்துச்சு. இன்னிக்குப் பாத்தா இன்னிக்குத் தேதி. அப்ப நேத்து அவர் சாகலன்னுதானே அர்த்தம்?"

வளவன் மவுஸிலிருந்து கையை எடுத்தான்.

"நாளைக்கு நாளைத் தேதி வரும்ல?"

"வரும் டீச்சர்."

"அப்ப இருக்கட்டும். நீங்க ஒண்ணும் பண்ணாதீங்க. யார் சொன்னாலும்."

சரி என்றான். அவர் போன பிறகு, தப்பைத் திருத்தாமல் விடச்சொல்லி ஒரு டீச்சரே கேட்டது அவனுக்குச் சிரிப்பாகக்கூட இருந்தது. ஆனால் மறுநாள் காலையில் ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் ஏறி, காவிரிப் பாலத்தில் போகும்போது, அவனாகவே போனை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்தான். தேதி மாறியிருந்தது. அது மாறும் என்று அவனுக்குத் தெரியும், அவன் எழுதியதுதான். இருந்தாலும் பார்த்த பிறகுதான் ஜன்னல் வழியே வந்த காற்று தெரிந்தது. அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. ஒருநாள் பாலத்தின் நடுவில் முந்தின நாள் தேதியே காட்டியது. கீழே தண்ணீர் சேற்றுநிறத்தில் சுழித்துக்கொண்டிருந்தது. நெட் மெதுவாக இருக்கும் என்று தனக்கே சொல்லிக்கொண்டு மறுபடி திறந்தான். வந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர், "என்ன சார், வீட்டுல யாருக்காச்சும் உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். அவன் முகம் அப்படி இருந்திருக்கிறது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட வாரத்தில் பிராங்க்ளின் கடைக்கு வந்தார். கல்லறைத் திருநாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அப்பாவின் கல்லறையில் அண்ணன் பெயரையும் பொறித்து, அன்றைக்குப் பூசை வைக்க ஏற்பாடு செய்திருப்பதாகச் சொன்னார்.

"கல்லு வெட்டுறவன் தேதி கேட்டான். உங்க பேஜைக் காட்டி இதைப் பாத்துப் போட்டுக்கன்னேன். அவன் ரெண்டு நாள் கழிச்சு போன் பண்றான். 'சார், உங்க அண்ணன் டெய்லி சாகுறாரா?'ங்கறான். எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க."

"டீச்சர்தான் சார் மாத்த வேணாம்னாங்க."

"தெரியும். அண்ணி என்னிக்கு சரின்னு சொல்லப் போறாங்க? அவங்க தினம் காலையில எழுந்து அதைப் பாத்துட்டுத்தான் காபியே குடிக்கிறாங்க. அண்ணன் பொண்ணு பெலிண்டா சென்னையிலேர்ந்து போன் பண்ணி அழுவுது, அம்மாவுக்கு என்னமோ ஆயிடும் சித்தப்பான்னு."

வளவன் டீச்சருக்குப் போன் செய்தான். பள்ளிக்கூட நேரம், எடுக்கவில்லை. பிராங்க்ளின் நனைந்த குடையைச் சுருக்காமல் கையிலேயே பிடித்திருந்தார். தரையில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"அண்ணனுக்காக ஒரு செபம் சொல்ல எனக்கு ஒரு இடம் வேணும் தம்பி. எங்க போய் நிக்கிறது நான்? ஒவ்வொரு தடவையும் முசிறிக்குப் போய் படித்துறையில நிக்கிறேன். துணி தொவைக்கிறவங்க ஒரு மாதிரியா பாக்குறாங்க."

அதற்கு மேல் வளவனால் மறுக்க முடியவில்லை. பக்கத்தை ஒரு பிரதி எடுத்துத் தனியாகப் பத்திரப்படுத்தினான். எதையும் மாற்றும் முன் அவன் அப்படித்தான் செய்வான். மறைவுக்கு நேரே, ஜூட் வீட்டைவிட்டுப் போன அந்த ஆடி நாளின் தேதியை அடித்தான். பிராங்க்ளின் திரைக்குக் குனிந்து, தோற்றம், மறைவு இரண்டையும் தேதியோடு வாய்விட்டுப் படித்தார். சரியாக இருந்தது. நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டு, "இனிமே ஒரு எடத்துல இருப்பாரு" என்று சொல்லிவிட்டு மழையில் இறங்கினார்.

மறுநாள் காலையில் பாலத்தில் வளவன் போனை எடுக்கவில்லை. டீச்சரிடம் என்ன சொல்வது என்பதையே முதலில் இது, பிறகு அது என்று வரிசைப்படுத்திக்கொண்டு போனான். கடை ஷட்டருக்கு முன்னால், தகரக் கூரைக்குக் கீழ் டீச்சர் நின்றிருந்தார். பள்ளிக்கூடத்துக்கு உடுத்தும் புடவை இல்லை, கோயிலுக்குக் கட்டுவது. தோளில் ஒரு பழைய பை தொங்கியது.

"டீச்சர், நேத்து பிராங்க்ளின் சார் வந்து..."

"சொன்னாரு. ராத்திரி வீட்டுக்கு வந்து அழுதாரு. அதுக்கு நான் வரல." அவர் குரலில் கோபம் இல்லை. "நீங்க போட்ட தேதி சரிதான். மறைவுன்னா மறைஞ்ச நாள்தானே. அன்னிக்குத்தான் அவர் மறைஞ்சாரு. அதை விடுங்க. மேல இருக்கறதை எதுக்கு மாத்துனீங்க?"

"மேல நான் கை வைக்கல டீச்சர்."

அவர் போனை நீட்டினார். மறைவுக்கு நேரே நேற்று அவன் அடித்த ஆடித் தேதி இருந்தது. தோற்றத்துக்கு நேரே அன்றைய தேதி இருந்தது.

வளவன் ஷட்டரைத் தூக்கி, செருப்பைக் கழற்றாமல் உள்ளே போய் கம்ப்யூட்டரைப் போட்டான். பிறந்த தேதி இருந்த இடம் காலியாக இருந்தது. அழித்தவர் யார் என்று தேடினான். கடைசியாக உள்ளே வந்தது அவன்தான், நேற்று, பிராங்க்ளின் பக்கத்தில் நிற்கும்போது. பாஸ்வேர்டு வேறு யாரிடமும் இல்லை. பத்திரப்படுத்திய பிரதியைத் திறந்தான். அதில் பிறந்த தேதி இருந்தது. பிராங்க்ளின் வாய்விட்டுப் படித்த தேதி. மற்ற பக்கங்களையும் திறந்து பார்த்தான். அந்தத் தெருவில் எல்லாரும் அவரவர் தேதியோடு வாசலைப் பார்த்தபடி அப்படியே இருந்தார்கள். ஜூட்டின் பக்கத்தில் மட்டும் மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது.

"மெழுகுவர்த்தி நீங்க ஏத்துனீங்களா டீச்சர்?"

"இல்ல. இருக்கறவருக்கு நான் எதுக்கு ஏத்தப்போறேன்?"

அவன் விரல்கள் பிறந்த தேதியை அடிக்கப் போயின. அடித்தால் முடிந்தது. இது ஏதோ பழுது என்று சொல்லிவிடலாம், டீச்சரும் வீட்டுக்குப் போய்விடுவார்.

"கை வைக்காதீங்க தம்பி" என்றார் டீச்சர். கெஞ்சலாகவும் இல்லை, அதட்டலாகவும் இல்லை. "நீங்களும் போடல, பிராங்க்ளினும் போடல. அப்ப போட்டவங்க யாரோ, தெரிஞ்சுதானே போட்டிருப்பாங்க."

விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தான். டீச்சர் ஸ்டூலைத் தூக்கி, ரோட்டைப் பார்த்தபடி கடை வாசலில் போட்டு உட்கார்ந்தார். தோளிலிருந்த பையைக் கழற்றி மடியில் வைத்து, உள்ளே இருந்து ஒரு குடையையும் மூக்குக்கண்ணாடியையும் எடுத்தார். கண்ணாடியைப் புடவைத் தலைப்பால் துடைத்தார். ஒரு பக்கம் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மறுபக்கமும் துடைத்தார். வளவனுக்கு அவரிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று இருந்தது. ஆள் இல்லாத வீட்டில் வேறு ஏதாவது வந்து உட்கார்ந்துகொள்ளும் என்று ராசாத்தி சொன்னது நினைவுக்கு வந்தது. அவனும் எழுந்து வந்து அவருக்குப் பின்னால் நின்றான்.

தூறல் விழுந்துகொண்டிருந்தது. முசிறி என்று போர்டு போட்ட பஸ் ஒன்று முனையில் திரும்பி, உள்ளே போக வழியில்லாமல் கடைக்கு எதிரிலேயே நின்றது. வாழைத்தார் கட்டை இறக்கிக்கொண்டு ஒருவர் இறங்கினார். காலேஜ் பெண்கள் நோட்டைத் தலைக்குப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். கைக்குழந்தைக்காரி ஒருத்தி, ஒரு போலீஸ்காரர், பால்கேனோடு ஒருவர். டீச்சர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். தலையை ஆட்டவில்லை, உதட்டைப் பிதுக்கவில்லை, ஒன்று போனதும் அடுத்ததைப் பார்த்தார். கடைசி ஆளும் இறங்கி பிளாட்பாரத்தில் ஏறிய பிறகு ஜன்னல்களில் தலை எதுவும் தெரியவில்லை. பின்னால் நின்ற பஸ் ஹாரன் அடித்தது.

முசிறி பஸ் நகரவில்லை. கண்டக்டர் கீழே இறங்கி, படிக்குப் பக்கத்தில் நனைந்துகொண்டு நின்றார். விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, காலியான பஸ்ஸுக்குள் கையை நீட்டி, "அவசரமில்ல சார், புடிச்சுக்கிட்டு மெதுவா இறங்குங்க" என்றார்.

டீச்சர் குடையை விரித்தார்.