செவலைக்கு வைத்த வெள்ளை முட்டைகள்

1971 பிப்ரவரி 8, திங்கட்கிழமை காலை, கடலூரிலிருந்து வந்த பாசஞ்சர் வண்டியில் உமி நிரப்பிய பிஸ்கட் டின் ஒன்று விருத்தாசலம் சந்திப்பில் இறங்கியது. உள்ளே பதின்மூன்று லெகார்ன் கோழி முட்டைகள் இருந்தன.

கொண்டுவந்தவன் ரயில்வேயில் வேலை பார்க்கும் பிலோமின்ராஜ். அக்கா இஞ்ஞாசியம்மாளுக்காகக் கடலூர்ப் பக்கத்துப் பண்ணை ஒன்றில் சொல்லிவைத்து வாங்கியிருந்தான். அவனுக்கு ஜோலார்பேட்டைக்கு மாற்றல் வந்துவிட்டது. இன்னொரு தடவை வாங்கித் தர முடியாது என்று பிளாட்பாரத்திலேயே சொல்லிவிட்டு அடுத்த வண்டியில் திரும்பிப் போனான்.

இஞ்ஞாசியம்மாளிடம் மூன்று நாட்டுக்கோழிகள் இருந்தன. பன்னிரண்டு, பதினைந்து முட்டை இட்டதும் ஒவ்வொன்றும் அடையில் உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் இரண்டு மாதத்துக்கு வீட்டில் முட்டை கிடையாது. லெகார்ன் வருஷம் முழுக்க இடும், அடையில் உட்காராது என்று அவள் கேள்விப்பட்டிருந்தாள். ஆனால் உட்காராத கோழியின் முட்டையைப் பொரிக்க, உட்காரும் கோழி ஒன்று வேண்டும். மூன்றில் செந்நிறமான செவலை ஒரு வாரமாக அடையில் இருந்தது. கணவன் சூசைநாதன் பீங்கான் தொழிற்கூடத்திலிருந்து கொண்டுவந்து போட்ட, சூளையில் பாத்திரங்களை அடுக்கும் உடைந்த மண்பெட்டிதான் அதன் இடம். அதை நம்பித்தான் தம்பிக்கு எழுதினாள். வெள்ளிக்கிழமை மங்கலம்பேட்டையில் ஒரு கல்யாணத்துக்குப் போனவள், பஸ்ஸை விட்டிறங்கி நேராக ரயிலடிக்கு வந்திருந்தாள்.

டின்னோடு வீட்டுக்குள் நுழைந்தபோது செவலை கொல்லையில் குப்பையைக் கிளறிக்கொண்டிருந்தது.

கோழிகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி விட்டுப்போன பக்கத்து வீட்டு ராஜாம்பாள் வேலிப்பக்கமிருந்து வந்தாள். முகத்தில் பெருமை. சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் செவலையைத் தொட்டித் தண்ணீரில் முக்கி எடுத்து, மூக்கில் இறகு கோத்து விட்டதாகச் சொன்னாள். அடியில் முட்டையே இல்லாமல் சும்மா உட்கார்ந்திருக்கும் கோழிக்கு அடை கலைய அந்தத் தெருவில் எல்லாரும் செய்வதுதான்.

"நீ வர்றதுக்குள்ள அவயத்தத் தெளிய வச்சிட்டேங்கா. இனிமே முட்டை வுடும் பாரு."

இஞ்ஞாசியம்மாள் டின்னைத் திறந்து காட்டினாள். ராஜாம்பாள் வாயில் கை வைத்துக்கொண்டாள். முட்டை வரும் செய்தியை, கண் பட்டுவிடும் என்று இஞ்ஞாசியம்மாள் ஒருவரிடமும் சொல்லியிருக்கவில்லை. அதனால் திட்டுவதற்கும் வழியில்லை.

முட்டைகள் இட்டு ஏற்கெனவே மூன்று நாள் ஆகியிருந்தது. பத்து நாளுக்கு மேல் போனால் நம்புவதற்கில்லை. தெருக்கோடிச் சாமிக்கண்ணு வீட்டில் ஒரு கறுப்புக்கோழி அடையில் இருக்கிறது, கேட்டு வாங்கி வரட்டுமா என்றாள் ராஜாம்பாள்.

"அது முட்டைய ஒடச்சிக் குடிக்கிற கோழி. அதுக்கு விருந்து வெக்கவா ரயில்ல வரவழச்சேன்?"

செவலையைப் பிடித்து மூக்கிலிருந்த இறகை உருவி எறிந்தாள். அடை முழுசாகப் போகாததற்கு அடையாளமாகக் கொண்டை இன்னும் வெளுத்தே இருந்தது. வயிற்றுப் பக்கம் இறகு உதிர்ந்த இடத்தில் விரல்களை வைத்துப் பார்த்தாள். ராஜாம்பாளின் கையையும் இழுத்து அங்கே வைத்தாள்.

"சுடுதா? அடுப்பு இன்னும் அணையல. மூணு நாள்ல உக்கார வெக்கிறேன்."

அவளிடம் ஆறு பீங்கான் முட்டைகள் இருந்தன. கோழிகள் கண்ட இடத்தில் முட்டையிடாமல் பெட்டிக்கே வர வேண்டும் என்று போன வருஷம் சூசைநாதன் செய்து கொடுத்தவை. வேகும்போது களிமண் சுருங்கும் என்பதால் வாத்து முட்டையை வைத்து அச்சு எடுத்திருந்தான். சூளையிலிருந்து அவை சரியாகக் கோழி முட்டை அளவில் வந்தன. உள்ளே வெற்றிடம், அடியில் குண்டூசி அளவுக்கு ஒரு துளை, மேலே வெள்ளைப் பளபளப்பு.

அந்த ஆறையும் வெயிலில் சூடேற்றி மண்பெட்டியில் வைத்தாள். செவலையை மேலே உட்காரவைத்து, கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் சாக்கைப் போட்டு இருட்டாக்கினாள். காலையில் ஒரு தடவை மட்டும் திறந்து கம்பும் தண்ணீரும் காட்டினாள். நிஜ முட்டைகளைத் தண்ணீர்ப் பானையடி ஈரமணலுக்குப் பக்கத்தில் வைத்து, தினம் ஒருமுறை புரட்டிவிட்டாள். முதல் நாள் செவலை கூடைக்குள் நின்றுகொண்டே இருந்தது. பீங்கானில் குஞ்சு பொரித்தால் கம்பெனியில் தனக்குச் சம்பளம் ஏற்றுவார்கள் என்று சூசைநாதன் கேலி செய்தான். இரண்டாம் நாள் உட்கார்ந்தது. மூன்றாம் நாள் கூடையை எடுத்தபோது எழுந்திருக்கவில்லை. கையை நீட்டியதும் இறகைச் சிலிர்த்து உறுமி, புறங்கையில் கொத்தியது.

"இதான் வேணும்," என்றாள் இஞ்ஞாசியம்மாள்.

வியாழக்கிழமை பொழுது சாயும் நேரத்தில் மாற்றினாள். செவலையின் அடியில் ஒரு பக்கமாக முட்டைகளைத் தள்ளி, மறுபக்கமாகப் பீங்கானை உருவினாள். உருவியதை ராஜாம்பாள் வாங்கி டின்னில் போட்டாள். பதின்மூன்று உள்ளே போயின, ஆறு வெளியே வந்தன. கணக்கு சரியாக இருந்தது.

ஏழாம் நாள் செவலை தீனிக்கு இறங்கியபோது, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு டார்ச் வெளிச்சத்தில் முட்டைகளைப் பார்த்தார்கள். பத்தில் சிவப்பு நரம்பு ஓடியிருந்தது. இரண்டு வெறும் கூமுட்டை. இன்னொன்றில் வெளிச்சம் நுழையவே இல்லை. திருப்பினால் அடியில் துளை.

நாட்டுமுட்டையாக இருந்தால் நிறமே காட்டிக் கொடுத்திருக்கும். லெகார்ன் முட்டையும் பீங்கானும் ஒரே வெள்ளை. ராஜாம்பாள் ஓடிப்போய் டின்னைக் கொண்டுவந்தாள். ஐந்து பீங்கானுக்கு நடுவே நிஜ முட்டை ஒன்று ஒரு வாரமாகச் சில்லென்று கிடந்தது. தான் கை வைத்த எதுவும் உருப்படாது என்று அவள் அழத் தொடங்கினாள்.

"உருவுன கை என்னுது. நீ ஏன் அழுவுற? போயி அடுப்பப் பத்த வை."

இனி அதை வைத்தால் மற்றவை பொரிந்து ஒரு வாரம் கழித்துத்தான் பொரியும். அதுவரை எந்தக் கோழியும் உட்கார்ந்திருக்காது. சூசைநாதன் அன்று மதியம் சோற்றோடு முட்டைப் பொரியல் சாப்பிட்டான்.

மார்ச் 4, வியாழக்கிழமை, ஒன்பது குஞ்சுகள் வெளியே வந்தன. ஒன்று ஓட்டுக்குள்ளேயே செத்திருந்தது. ஒன்பதில் ஆறு பெட்டை. அவற்றில் இரண்டை இஞ்ஞாசியம்மாள் ராஜாம்பாளுக்குக் கொடுத்தாள். செப்டம்பரில் ஆறும் முட்டையிடத் தொடங்கின. எதுவும் அடையில் உட்காரவில்லை.