கேள்வி நாளில் எஃபி எழுந்து நின்றாள்

என் மனைவி எஃபி அன்றைக்குக் கோவிலில் பேசியதைப் பற்றி லூயிஸ் தீவில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். சபை மூப்பரை அடிக்கப் பாய்ந்தாள் என்றுகூட ஒரு பேச்சு உண்டு. சபை பாடுவதற்குச் சங்கீதம் எடுத்துக்கொடுப்பவன் நான்; பிரசங்க மேடைக்குக் கீழே, எனக்கான மரத்தடுப்புப் பெட்டியில், அவளுக்கு நேர் எதிரே இருந்தேன். நடந்தது இதுதான்.

எஃபியின் தம்பி அலஸ்டர் தெற்குக் கடலில் திமிங்கில வேட்டைக்குப் போய்த் திரும்பியபோது அவனுக்கு இருபது வயது. அங்கே பனியில் ஒரு நண்பனைப் பறிகொடுத்திருந்தான். வந்ததிலிருந்து ஒரு ஜெபக்கூட்டம் விடவில்லை. மறு வருஷம் நற்கருணை வாரம் வந்தபோது, அப்பமும் ரசமும் தரும் பந்தியில் உட்கார அனுமதியாகக் கொடுக்கும் ஈய வில்லை எனக்கும் வேண்டும் என்று மூப்பர்கள் முன்னால் போய் நின்றான். எங்கள் சபையில் ஐந்நூறு பேர் இருந்தால் ஐம்பது பேர்கூட அந்தப் பந்திக்குப் போவதில்லை. உலகம் உண்டாவதற்கு முன்பே கர்த்தர் தமக்கென்று தெரிந்துகொண்டவர்கள் யார், மற்றவர்கள் யார் என்பது தீர்ந்துபோன விஷயம். தெரிந்துகொள்ளப்பட்டதன் அடையாளம் தன்னிடம் இல்லாதவன் அந்த அப்பத்தைத் தொட்டால் தன் ஆக்கினையைத் தானே தின்கிறான் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள்.

தலைமை மூப்பர் கென்னத் அவனை ஒரு மணி நேரம் கேள்வி கேட்டார். எந்த நாளில் தொடப்பட்டாய், எந்த வசனம் உன்னைக் குத்தியது என்று. அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆசையாக இருக்கிறது என்று மட்டும் சொன்னானாம். கடைசியில் கென்னத் சொன்னார்: "உங்கிட்ட அடையாளம் எதுவும் எனக்குத் தெரியலப்பா. உன் பேரு கர்த்தர் புஸ்தகத்துல இருந்தா அது தானா வரும். இல்லேன்னா நீ தலைகீழா நின்னாலும் வராது."

நான் வெளியே காத்திருந்தேன். அவன் என்னைத் தாண்டிப் போனான், தொப்பியைக்கூட எடுத்துக்கொள்ளாமல். நான் தொப்பியை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். ஆனால் உள்ளே போய்க் கென்னத்திடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்த வருஷமே குடிக்க ஆரம்பித்தான். மேட்டுக்கு அப்பால் இளவட்டங்கள் குடிப்பதற்கென்றே ஒரு குடிசை போட்டிருந்தார்கள்; அங்கேயே கிடந்தான். இடையில் ஜெசி என்ற நல்ல பெண்ணைக் கட்டினான். அவள் தறியில் கம்பளித் துணி நெய்துதான் வீடு ஓடியது. எஃபி போய்த் திட்டினால் அவன் சிரிப்பான். "நான் என்னக்கா பண்றது? எல்லாம் முன்னாடியே எழுதியாச்சே. வேணும்னா கென்னத்தைக் கேட்டுப் பாரு."

எஃபி வீட்டுக்கு வந்து பாத்திரங்களை நங்கென்று வைப்பாள். யார்மேல் கோபம் என்று நான் கேட்டதில்லை.

பதினோரு வருஷம் இப்படிப் போனது. அந்த ஆண்டு பிப்ரவரியில் ஜெசிக்கு முதல் குழந்தை பிறந்தது. ஆண் குழந்தை. தகப்பன் குடிகாரன் என்று ஞானஸ்நானத்தைத் தள்ளிப் போட்டார்கள். மூன்றாவது வாரம் மார்ச்சளி கண்டு குழந்தை இறந்துவிட்டது.

அடக்க ஆராதனை வீட்டிலேயே நடந்தது. சவப்பெட்டி இரண்டு நாற்காலிகள்மேல் இருந்தது; ஒரு நாற்காலியே அதற்குப் போதுமாயிருந்தது. ஜெசி அதன்மேல் கையை வைத்தபடி இருந்தாள். கென்னத் ஜெபம் செய்துவிட்டு, ஆறுதல் சொல்லும் நோக்கத்தோடுதான், அவளிடம் குனிந்தார்.

"தெரிந்துகொள்ளப்பட்ட குழந்தையா இருந்தா, அது இப்போ மகிமையில இருக்கும்மா."

ஜெசி நிமிர்ந்து பார்த்தாள். "இருந்தாவா?" என்றாள்.

சுவரோரம் நின்ற அலஸ்டர் சொன்னான், "என் ரத்தம்தானே. அப்போ தெரிஞ்ச விஷயம்தான்." சொல்லிவிட்டுப் பெட்டியை எடுத்துத் தன் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கல்லறைக்கு நடந்தான். எங்கள் வழக்கப்படி பெண்கள் பின்னால் போகவில்லை. ஜெசியின் கை அந்த வெற்று இடத்திலேயே இருந்தது என்று எஃபி பிறகு சொன்னாள்.

அடுத்த வாரம் நற்கருணை வாரம். வெளியூர்களிலிருந்து வந்த பதினான்கு பேர் எங்கள் வீட்டில் தங்கினார்கள். எஃபி ஆட்டுக்கறி சூப்பும் உருளைக்கிழங்குமாக ஆக்கிப் போட்டுக்கொண்டே இருந்தாள். வெள்ளிக்கிழமை கேள்வி நாள். ஒருவர் ஒரு வசனத்தைச் சொல்லிக் கேள்வி வைப்பார்; மெய்யான விசுவாசிக்கும் போலிக்கும் என்ன அடையாளம் என்று ஆண்கள் ஒவ்வொருவராக எழுந்து தங்கள் அனுபவத்தைப் பேசுவார்கள். பெண்கள் கேட்பார்கள். என் பாட்டன் காலத்திலிருந்தே அப்படித்தான்.

நான்காவதாகக் கென்னத் எழுந்தார். மரத்தைக் கனியால் அறியலாம் என்ற பொருளில் ஆரம்பித்தார். வாலிபத்தில் சபையைத் தேடி வந்து, பின்பு சேற்றுக்கே திரும்பிய ஒருவனை அறிவேன் என்றார். அன்றைக்கே அவனை அடையாளம் கண்டுகொள்ளக் கர்த்தர் கிருபை செய்தார் என்றார். பெயர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. அலஸ்டர் கதவருகே நின்றிருந்தான். அன்றைக்கு ஏன் வந்தான் என்று எனக்கு இன்னும் தெரியாது.

கென்னத் உட்கார்ந்தார். எஃபி எழுந்தாள்.

முதலில் உடம்பு சரியில்லாமல் வெளியே போகிறாள் என்று நினைத்தேன். அவள் முன்பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"மூப்பரே, அவன் கெட்டுப்போறதை நீங்க முன்னாடியே பார்க்கல. நீங்க சொன்னீங்க, அவன் கெட்டான். பசின்னு வந்தவனைப் பார்த்து உனக்கு வயிறே இல்லைன்னு சொல்லி அனுப்பிட்டு, இப்போ அவன் சாப்பிடலைன்னு சாட்சி சொல்றீங்க."

போதகர் மேடையிலிருந்து குனிந்து, "கேலம், சங்கீதம் எடு" என்றார். என்னிடம்தான். பெரிய கூட்டம் பாட ஆரம்பித்தால் ஒரு பெண்ணின் குரல் எங்கே கேட்கப் போகிறது. நான் வாயைத் திறந்தேன். ராகம் தொண்டை வரை வந்தது. எஃபி என்னைப் பார்க்கவில்லை. நான் என்ன செய்வேன் என்று அவளுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை, எனக்கே தெரியாது. நான் வாயை மூடிக்கொண்டேன்.

"ஜெசிகிட்ட 'இருந்தா'ன்னு ஒரு வார்த்தை சொன்னீங்களே," என்றாள் எஃபி. "கர்த்தருக்கு மட்டும்தான் தெரியும்னு நீங்கதானே சொல்லிக்குடுத்தீங்க? அவருக்கு மட்டும் தெரிஞ்சதை அவர்கிட்டயே விடாம, மூணு வாரத்துப் பிள்ளை பெட்டிமேல கொண்டுவந்து வைக்க உங்களுக்கு யாரு உத்தரவு குடுத்தா?"

"கேலம்," என்றார் போதகர் மறுபடியும். நான் புத்தகத்தை மூடி வைத்தேன்.

எஃபி கதவுப் பக்கம் திரும்பினாள். "நீயும் கேளுடா. எழுதியாச்சு எழுதியாச்சுன்னு பதினோரு வருஷமா சொல்ற. எழுதினதை நீ படிச்சியா? இவரு படிச்சாரா? பாட்டிலை எடுக்கிறது உன் கை. அதைக் கர்த்தர் கைன்னு சொல்லாத. ஜெசி ராத்திரி பகலா தறி மிதிக்கிறாளே, அவளுக்கு யாரு எழுதினா அதை? நீதான்."

சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். போதகர் தாமே சங்கீதத்தைத் தொடங்கினார். அவருக்கு ராகம் நிற்காது. நாலைந்து பேர் முனகினார்கள், மற்றவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அலஸ்டர் போய்விட்டிருந்தான்.

சனிக்கிழமை வில்லை கொடுக்கும்போது எஃபியைத் தாண்டிப் போனார்கள். பதினாறு வருஷம் பந்தியில் இருந்தவள். ஞாயிற்றுக்கிழமை ஜெசியின் பக்கத்தில், பின்வரிசையில் உட்கார்ந்துகொண்டாள். என் பெட்டியில் வேறொருவன் உட்கார்ந்தான். இரண்டு பேருமாக நான்கு வருஷம் அப்படியே கோவிலுக்குப் போய்வந்தோம்.

கோடையில் ஒருநாள் கென்னத் என்னைக் கரையில் பிடித்தார். வலை உலர்த்திக்கொண்டிருந்தேன். கிழவர் வலையின் ஒரு முனையைப் பிடித்து விரித்துக் கொடுத்தார். பிறகு, "என் பேரு அங்க இருக்கான்னு எனக்கே நிச்சயமில்ல கேலம்," என்றார். "நாப்பது வருஷமா பயந்துகிட்டே அந்த அப்பத்தை எடுக்கிறேன்." எனக்குப் பாவமாக இருந்தது. வீட்டில் வந்து சொன்னேன்.

எஃபி மாவு பிசைந்துகொண்டிருந்தாள். நிறுத்தவில்லை. "தெரியாதுன்னு அன்னைக்கே அவன்கிட்ட சொல்லியிருக்கலாமே. 'எனக்கும் தெரியாதுப்பா, வா, பக்கத்துல உக்காரு'ன்னு. அந்த ஒரு வார்த்தையில என் தம்பி பொழச்சிருப்பான்."

அலஸ்டர் அக்காவோடு எட்டு மாதம் பேசவில்லை. ஊர் முன்னால் மானத்தை வாங்கிவிட்டாள் என்று குடிசையில் கத்தினானாம். அடுத்த மே மாதம், நாலு வருஷமாக அந்தப் பக்கமே போகாதவன், தன் வீட்டு அடுப்புக்குத் தானே சதுப்பில் இறங்கி எரிக்கும் மண்கட்டிகளை வெட்டினான். ஆறு வாரம் குடிக்கவில்லை. ஏழாவது வாரம் குடித்தான். மறுநாள் காலையில் வீங்கிய முகத்தோடு எங்கள் வாசலில் வந்து நின்று, "நானாத்தான் குடிச்சேன்க்கா," என்றான்.

"தெரியுது," என்றாள் எஃபி. "முகத்தைக் கழுவிட்டு வா, கஞ்சி இருக்கு."

இன்றைக்கு அவன் குடிப்பதும் நிறுத்துவதுமாக இருக்கிறான். நிறுத்தும் நாட்கள் கூடியிருக்கின்றன. ஊரில் சிலர் அதைப் பார்த்து, பேர் இருந்திருக்கும்போல என்கிறார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஆனால் அந்தத் தீர்ப்பை அவன் சுமந்து திரிந்த பதினோரு வருஷமும், அதே கோவிலில், அதே பெட்டியில் உட்கார்ந்து, குரல் நன்றாக இருக்கிறதென்று பேர் வாங்கிக்கொண்டு, நான் பாடிக்கொண்டிருந்தேன்.