ஊக்கு குத்திய பக்கங்கள்

முடிசூட்டு விழா என்று லண்டன் முழுக்கக் கொண்டாட்டம். ஆம்ப்ரோஸ் கெட்டில்வெல்லுக்கு மட்டும் முதுகுவலி. மன்னரின் ஊர்வலம் தேவாலயத்துக்குள் நடந்து வரும்போது வாசிக்க அணிவகுப்பு இசை ஒன்று கேட்டார்கள். எழுதினார். நீளம் என்றார்கள், வெட்டினார். ஒத்திகையில் பிரபுக்கள் ஆடி அசைந்து வந்தார்கள், சேர்த்தார். மறுநாள் அதே பிரபுக்கள் விறுவிறுவென்று நடந்தார்கள். போதும் போதும் என்றாகிவிட்டது அவருக்கு.

கடைசியில் நடுவிலிருந்த மெதுவான மெட்டின் மேலேயே கை வைத்தார்கள். அது அவர் மனைவி ஹெஸ்டருடையது. பாத்திரம் கழுவும்போது அவள் முணுமுணுத்த மெட்டு. இரண்டு வருடமாக அவள் படுத்த படுக்கை. அதை ரேடியோவில் கேட்கத்தான் காத்திருந்தாள். வெட்டியதைச் சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை.

வாசிக்காமல் தாண்டிப் போவதற்காக வாத்தியக்காரர்கள் அந்தப் பக்கங்களைச் சேர்த்து ஊக்கு குத்தினார்கள்.

"ஊர்வலம் நடுவுல நின்னுட்டா மட்டும் ஊக்கைக் கழட்டுங்க. நான் கையத் தூக்குவேன்," என்றார் குழுவை நடத்திய டன்ஸ்டன் பெல். "ராஜா நிக்கலாம், மியூசிக் நிக்கக் கூடாது."

விழாவன்று ஆம்ப்ரோஸுக்குத் தூண் மறைவில் இடம் கிடைத்தது. இசை பாதியை நெருங்கியபோது வயசான பிரபு ஒருவர் தன் அங்கியைத் தானே மிதித்துக் குப்புற விழுந்தார். ஊர்வலம் நின்றது. பெல் கையைத் தூக்கினார். ஊக்குகள் தரையில் சிதற, வயலின்கள் ஹெஸ்டரின் மெட்டை எடுத்தன. ஆம்ப்ரோஸின் கண் நிறைந்துவிட்டது. அந்த மனிதர் இன்னும் கொஞ்ச நேரம் கிடக்கட்டும் ஆண்டவரே என்று வேண்டிக்கொண்டார். பாவம்தான், ஆனாலும் வேண்டிக்கொண்டார். அதற்குள் நாலு பேர் அவரைத் தூக்கி நிறுத்திவிட்டார்கள். மெட்டு பாதியில் நின்று, அணிவகுப்பு இசை தொடர்ந்தது.

கூட்டத்தில் டிராம் ஓடவில்லை. மழையில் பாலத்தைக் கடந்து நடந்தே வீடு வந்தார்.

"ஹெஸ்டர், கேட்டியா?"

"எங்க கேக்க விட்டான் அந்த ரேடியோக்காரன்? மியூசிக் மேலேயே தொணதொணன்னு பேசிக்கிட்டே இருந்தான். யாரோ பிரபு குப்புற விழுந்தாராமே, சிரிச்சு சிரிச்சு எனக்கு வயிறே வலிச்சுப்போச்சு. ஆமா, என் பாட்டு எப்ப வந்துச்சு?"

"அப்பதான்."

அவள் முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல வடிந்தது.

"சரி, இப்ப வாசி."

நனைந்த கோட்டோடு பியானோ முன் உட்கார்ந்தார். விரல் விறைத்திருந்தது. பாதி மெட்டு வந்திருக்கும்.

"ஆம்ப்ரோஸ், அந்தக் கிழவர் எழுந்துட்டாரா?"

"எழுந்துட்டார். அதனாலதான் இதோட நிறுத்திட்டாங்க."

ஹெஸ்டர் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"இங்க யாரும் எழுந்திருக்கப் போறதில்ல. நீ முழுசா வாசி."